சில்லறை இல்லாத புதுச்சீமை

அமெரிக்காவில் குடியேறிய இங்கிலீஷ்காரர்கள் கோடாரியும் பைபிளுமாகக் கரையிறங்கிக் காட்டை வெட்டி நாட்டை உண்டாக்கினார்கள் என்று பாடப் புத்தகம் சொல்லும். அப்படியே நம்பிவிட வேண்டாம். 1607 மே மாதம் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்று பெயர் வைத்து உட்கார்ந்த 104 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் கனவான்கள். கோடாரியை ஆள் வைத்துத் தூக்குகிற ரகம். கூட ஒரு பெண்பிள்ளை கிடையாது. லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய வர்ஜீனியா கம்பெனி இவர்களுக்குக் கொடுத்தனுப்பிய உத்தரவு சுருக்கமானது: தங்கம் தேடு, பசிபிக் கடலுக்குக் குறுக்கு வழி தேடு. சோற்றுக்கு உழுகிறவன் யார் என்ற கேள்வி கம்பெனி கூட்டத்தில் எழவில்லை போலிருக்கிறது.

இடத் தேர்வும் பிரமாதம். சதுப்பு நிலம், உப்புக் கரிக்கும் ஆற்றுத் தண்ணீர், கொசு. 1608 ஜனவரியில் உதவிக் கப்பல் வந்து சேர்ந்தபோது உயிரோடிருந்தவர்கள் 38 பேர். அந்தக் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் பட்டியலைப் பாருங்கள்: பொற்கொல்லர் இரண்டு பேர், தங்கம் சுத்திகரிப்பவர் இரண்டு பேர், நகை வேலைக்காரர் ஒருவர், தையல்காரர்கள், அப்புறம் வாசனைத் திரவியம் தயாரிக்கிறவர் ஒருவர். குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத ஊருக்கு அத்தர் வியாபாரி! எல்லோருமாகச் சேர்ந்து ஆற்றங்கரையில் மினுமினுத்த மண்ணை அள்ளிக் கப்பலில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். லண்டனில் பரிசோதித்தார்கள். மண்தான்.

இந்தக் கூட்டத்தை மேய்க்க வந்து வாய்த்தவர் கேப்டன் ஜான் ஸ்மித். தன் பெருமையைத் தானே புத்தகம் புத்தகமாக எழுதி வைத்த மனிதர் என்பதால் அவர் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்தே வாசிக்க வேண்டும். ஆனாலும் மீதிப் பாதி சுவாரசியம். வேலை செய்யாதவனுக்குச் சாப்பாடு கிடையாது என்று சட்டம் போட்டார். கனவான்கள் மரம் வெட்டப் போனார்கள். மென்மையான கை கொப்பளித்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. ஸ்மித் அதற்கும் கணக்கு வைத்தார்: பகலில் யார் எத்தனை வசவு வைதார்களோ, ராத்திரி அத்தனை குவளை பச்சைத் தண்ணீர் அவர்கள் சட்டைக் கைக்குள் ஊற்றப்படும். பிறகு வாரத்துக்கு ஒரு வசவு கேட்பதே அபூர்வமாகிவிட்டதாம்.

வேலைதான் தெரியாது, வியாபாரமாவது தெரியுமா? சுற்றுவட்டாரத்துப் பழங்குடிகளுக்கெல்லாம் பெருந்தலைவர் பவஹாட்டன். அவரிடம் மக்காச்சோளம் இருந்தது. இவர்களிடம் பசி இருந்தது. கப்பல் தலைவர் கிறிஸ்டோபர் நியூபோர்ட் சரக்குகளோடு பேரத்துக்குப் போனார். பவஹாட்டன் கிழவர் மகா கெட்டிக்காரர். இவ்வளவு பெரிய ராஜாவான நான் ஒவ்வொரு சாமானுக்கும் அற்பத்தனமாகப் பேரம் பேசுவது அழகில்லை, கொண்டுவந்ததை மொத்தமாகப் பரப்பி வையுங்கள், பிடித்ததை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடானதைத் தருகிறேன் என்றார். நியூபோர்ட் உச்சி குளிர்ந்து மொத்தத்தையும் பரப்பினார். இருபது பீப்பாய்த் தானியம் எதிர்பார்த்த இடத்தில் கிடைத்தது நாலே புஷல். பக்கத்தில் நின்ற ஸ்மித்துக்கு வயிறு எரிந்தது. பையிலிருந்து நாலைந்து நீலக் கண்ணாடி மணிகளை எடுத்து, தற்செயலாக வெளியே தெரிந்துவிட்ட மாதிரி காட்டினார். பவஹாட்டன் கேட்டதும், அடடா, இது கிடைத்தற்கரிய பொருள், ஆகாயத்தின் நிறம், உலகத்திலேயே மிகப் பெரிய ராஜாக்கள் மட்டும்தான் அணிவார்கள், விற்பதற்கில்லை என்று இழுத்தார். விற்பதற்கில்லை என்ற சொல்லுக்கு எந்தக் கண்டத்திலும் ஒரே பலன்தான். ஓரிரு ராத்தல் மணிக்கு இருநூறு முந்நூறு புஷல் சோளம் கைமாறியது.

லண்டன் கம்பெனி இதிலிருந்து எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. பவஹாட்டனுக்கு ஒரு செம்புக் கிரீடம் சூட்டினால் அவர் நம் ராஜாவுக்கு அடங்கியவர் ஆகிவிடுவார் என்று யாரோ ஒரு புத்திசாலி யோசனை சொல்ல, 1608 இலையுதிர் காலத்தில் கிரீடம், சிவப்பு அங்கி, கைகழுவும் பாத்திரம், கட்டில் எல்லாம் வந்து இறங்கின. ஜேம்ஸ்டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் ராஜா, இது என் மண், நீங்கள்தான் வரவேண்டும் என்று பதில் வந்தது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு இவர்களே போனார்கள். கிரீடம் சூட மண்டியிட வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றார். எப்படி மண்டியிடுவது என்று செய்து காட்டினார்கள். ரசித்துப் பார்த்தார், மண்டியிடவில்லை. கடைசியில் தோளை அழுத்தி, கொஞ்சம் குனிந்த நேரம் பார்த்துத் தலையில் வைத்துவிட்டார்கள். பதில் மரியாதையாகப் பவஹாட்டன் இங்கிலாந்துக்குக் கொடுத்தது, தன் பழைய செருப்பையும் போர்வையையும்.

சிரித்தது போதும். 1609-10 குளிர்காலத்தில் பழங்குடிகளின் முற்றுகையும் பஞ்சமும் சேர்ந்துகொண்டன. நாய், எலி, செருப்புத் தோல் என்று போய், மனித மாமிசம் வரை போனார்கள். நூற்றுக்கணக்கில் இருந்தவர்கள் வசந்தத்தில் சுமார் 60 பேர்.

அவர்களைக் காப்பாற்றியது தங்கமும் இல்லை, தெய்வமும் இல்லை, புகையிலை. 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் என்பவர் மேற்கிந்தியத் தீவு விதையை வைத்துப் பயிர் செய்து பார்த்தார். (பவஹாட்டனின் மகள் போகஹாண்டஸை 1614-ல் கல்யாணம் செய்துகொண்டவரும் இவர்தான்.) இதில் தமாஷ் என்னவென்றால், அப்போது இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸ் 1604-லேயே புகையிலையைத் திட்டி ஒரு புத்தகமே எழுதியவர். கண்ணுக்கு அருவருப்பு, மூளைக்குக் கேடு, நுரையீரலுக்கு ஆபத்து என்று அவர் எழுதியதை இன்றைய டாக்டர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் சுங்க வரி வந்து குவியத் தொடங்கியதும் ராஜாவின் மூக்குக்கு அந்த நாற்றம் பழகிவிட்டது. 1617-ல் புது கவர்னர் வந்து பார்த்தால் ஜேம்ஸ்டவுன் சந்தைத் திடலிலும் தெருவிலும்கூடப் புகையிலை. சோற்றுக்குச் சோளம் விதையுங்கள் என்று சட்டம் போட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது.

அதற்குக் காரணம் பேராசை மட்டும் இல்லை, கையில் காசில்லை. காலனிகள் இருப்பதே தாய்நாட்டுக்கு வெள்ளியைக் கொண்டுவரத்தான், இங்கிருந்து நாணயத்தை அங்கே அனுப்புவதாவது என்பது லண்டனின் கொள்கை. தப்பித் தவறி வந்த நாணயமும் அடுத்த கப்பலில் இறக்குமதிச் சாமானுக்கு விலையாகத் திரும்பிப் போய்விடும். ஆக, வர்ஜீனியாவில் புகையிலைதான் பணம். கொல்லையில் பணம் முளைக்கிறபோது எவன் சோளம் விதைப்பான்? வரி புகையிலையில், அபராதம் புகையிலையில். கல்யாணமும் புகையிலையில். 1621-ல் கம்பெனி கல்யாணத்துக்குத் தயாரான பெண்களைக் கப்பலில் அனுப்பியது. பிரயாணச் செலவுக்கு ஈடாக மாப்பிள்ளை கட்ட வேண்டியது 120 ராத்தல் முதல்தர இலை. பிறகு 150 ஆக்கினார்கள். பெண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டும் என்றும் கம்பெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. மாப்பிள்ளை காசு கொடுக்கிறான், பெண்ணுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது. வரதட்சணைச் சந்தை நடத்துகிற நாம் இதைப் பார்த்து ரொம்பவும் சிரிக்க முடியாது.

பாதிரியார் சம்பளமும் இலையில்தான்: 1696 சட்டப்படி வருஷத்துக்கு 16,000 ராத்தல். நல்ல வாசனை இலை விளைகிற ஊர்த் தேவாலயத்துக்குப் பாதிரிகள் போட்டி போடுவார்கள். மட்டமான இலை ஊருக்கு ஆள் கிடைக்காது. இறைப்பணியிலும் மண்வளம் பார்க்க வேண்டியிருந்தது. 1758-ல் விளைச்சல் கெட்டு இலை விலை ராத்தல் 6 பென்ஸ் வரை ஏறப்போகிற நேரம் பார்த்து, வர்ஜீனியா சட்டசபை இலைப் பாக்கியை ராத்தலுக்கு 2 பென்ஸ் வீதம் காசாகக் கொடுத்தால் போதும் என்று சட்டம் போட்டது. விலை விழுந்த வருஷமெல்லாம் வாயை மூடிக்கொண்டு இலை வாங்கிய பாதிரிகள், ஏறுகிற வருஷம் வயிற்றில் அடிக்கிறார்களே என்று கொதித்தார்கள். ராஜா சட்டத்தை ரத்து செய்தார். ஜேம்ஸ் மவுரி என்ற பாதிரியார் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். கோர்ட்டும் அவர் பக்கம்தான் தீர்ப்பு சொன்னது. எவ்வளவு கொடுப்பது என்பதை மட்டும் ஜூரி முடிவு செய்ய வேண்டும். 1763 டிசம்பரில் எதிர்த்தரப்புக்கு வந்த இளம் வக்கீல் பாட்ரிக் ஹென்றி, மேடையில் தன் அப்பாவே நீதிபதியாக உட்கார்ந்திருக்க, ராஜாவையும் பாதிரிகளையும் சேர்த்துப் போட்டுத் தாளித்தார். ஜூரி உள்ளே போய் உடனே திரும்பியது. நஷ்டஈடு: ஒரு பென்னி.

இந்த இலையை யார் நட்டார்கள், யார் புழு பொறுக்கினார்கள், யார் உலர்த்திப் பீப்பாயில் அடைத்தார்கள்? முதலில், கப்பல் கூலிக்கு ஈடாக நாலு முதல் ஏழு வருஷம் அடிமைச் சீட்டு எழுதிக் கொடுத்து வந்த இங்கிலாந்து ஏழைகள். 1619 ஆகஸ்டில் ஒரு கப்பல், கடத்தி வந்த இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களை இறக்கி, உணவுப் பொருளுக்கு மாற்றிக்கொண்டு போனது. 1662-ல் ஒரு சட்டம்: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. முதலாளிகள் தகப்பனாகிவிட்டுப் பொறுப்பிலிருந்து நழுவ இதைவிட வசதியான சட்டம் கிடைக்காது. 1750-களில் வர்ஜீனியாவின் ஐந்தில் இரண்டு பங்கு மக்கள் அடிமைகள். செத்துப்போன பண்ணையாரின் சொத்துப் பட்டியலில் கட்டில், பசுமாடு, செம்புப் பானை வரிசையில் மனிதர் பெயரும் எதிரே விலையும் இருக்கும். வேலை செய்யாமல் பணக்காரனாகும் கனவோடு வந்த கனவான்களுக்குக் கடைசியில் அந்தக் கனவு பலித்தது இப்படித்தான்.

வடக்கே மாசசூசெட்ஸில் கதை வேறு. அங்கே வந்த பியூரிட்டன்கள் கடுமையான பக்திமான்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று 1659-ல் சட்டம் போட்டவர்கள் (ஆம், கிறிஸ்தவர்கள்தான்). வியாபாரத்தில் அதிக லாபம் வைப்பதும் அவர்களுக்குப் பாவம். இங்கிலாந்து விலைக்கு மேல் ஷில்லிங்குக்கு 4 பென்ஸ்தான் ஏற்றலாம் என்று முன்பு சட்டமும் போட்டிருந்தார்கள். அவர்களிடம் 1639-ல் வகையாக மாட்டிக்கொண்டவர் ராபர்ட் கீன், பாஸ்டனில் பெரிய கடைக்காரர். ஆணி, பொத்தான், குதிரைக் கடிவாளம் எல்லாவற்றிலும் கொள்ளை லாபம் என்று புகார். 200 பவுண்டு அபராதம் போட்டு, பிறகு மனம் இரங்கி 80 ஆக்கினார்கள். தேவாலயமும் கூப்பிட்டுக் கண்டித்தது. கீன் சபை நடுவில் நின்று கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டார். அதே வருஷம், ஊர்க் குற்றவாளிகளைக் கால் மாட்டி உட்கார வைக்கும் தொழுமரத்தைச் செய்து கொடுத்த தச்சர் எட்வர்ட் பாமர், மரத்துக்கும் கூலிக்குமாக 1 பவுண்டு 13 ஷில்லிங் 7 பென்ஸ் பில் கொடுத்தார். அநியாய விலை என்று 5 பவுண்டு அபராதம் போட்டு, அந்தத் தொழுமரத்திலேயே அவரை ஒரு மணி நேரம் உட்கார வைக்கச் சொன்னார்கள். சரக்கின் தரத்தைத் தயாரிப்பாளரே சோதித்துப் பார்த்த அபூர்வ சந்தர்ப்பம்.

கீனை விட மனசில்லை. அவருக்கு ஒரு பன்றி வழக்கும் உண்டு. 1636-ல் சொந்தக்காரர் தெரியாத பன்றி ஒன்று அவர் வீட்டுக்கு வந்தது. ஊரில் அறிவிப்புச் செய்தார், யாரும் வரவில்லை. ரொம்ப நாள் கழித்துத் தன் பன்றியை வெட்டினார். அப்போது எலிசபெத் ஷெர்மன் என்ற அம்மாள் வந்து, வெட்டியது என் பன்றி என்றார். தேவாலயம் விசாரித்தது, கீன் நிரபராதி. கோர்ட் விசாரித்தது, கீன் நிரபராதி, மேற்கொண்டு அவதூறுக்கு 20 பவுண்டு நஷ்டஈடு. அம்மாள் விடவில்லை. 1642-ல் வழக்கு காலனியின் பெரிய சபைக்கே போய் ஏழு நாள் நடந்தது. அம்மாள் பக்கம் 2 மாஜிஸ்திரேட்டுகள், 15 பிரதிநிதிகள். கீன் பக்கம் 7 மாஜிஸ்திரேட்டுகள், 8 பிரதிநிதிகள். மீதி 7 பேர் பன்றி விஷயத்தில் முடிவுக்கு வர முடியாமல் தவித்தார்கள். எண்ணிக்கையா, பதவியா, எது பெரியது என்ற சண்டை முற்றி, 1644-ல் இரண்டு தரப்பும் தனித்தனி அவையாக உட்கார ஆரம்பித்தன. மாசசூசெட்ஸுக்கு இன்றும் இரண்டு அவைகள் உண்டு. பன்றிக்குச் சிலை உண்டா என்று கேட்காதீர்கள்.

கீன் 1653-ல் உயில் எழுத உட்கார்ந்தார். ஆணி விவகாரம், பொத்தான் விவகாரம், பன்றி விவகாரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தரப்பு நியாயத்தைச் சொல்லிக்கொண்டே போனதில் ஏறத்தாழ 50,000 வார்த்தை வந்துவிட்டது. பதினான்கு வருஷத்துக்கு முன் விட்ட கண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முயன்ற உயில் என்று சொல்லலாம். அதே உயிலில் ஊருக்குச் சந்தையோடு ஒரு மன்றம் கட்டப் பணமும் வைத்திருந்தார். பணத்தைக் கண்டிக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

1639 என்ற பொல்லாத வருஷத்தில்தான் ஹார்வர்ட் கல்லூரியின் முதல் தலைவர் நதானியேல் ஈட்டன், உதவி ஆசிரியரை வால்நட் கட்டையால் அடித்து வழக்கில் மாட்டினார். விசாரணையில் விடுதிச் சாப்பாடு வெளியே வந்தது: குடல் எடுக்காத கானாங்கெளுத்தி மீன், கூழில் ஆட்டுப் புழுக்கை, சில நாட்கள் பீர் இல்லை. ஈட்டனின் மனைவி சிலதை ஒப்புக்கொண்டார்; புழுக்கை எப்படி வந்தது என்று தனக்குத் தெரியவே தெரியாது என்றார். ஹாஸ்டல் மெஸ் போராட்டத்துக்கு இவ்வளவு பழைய பரம்பரை இருப்பது நம் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். கல்லூரி ஒரு வருஷம் மூடிக் கிடந்தது. திறந்த பிறகும் மாணவர்கள் சம்பளம் கட்டியது கோதுமையிலும் மால்ட்டிலும் ஆடுமாடுகளிலும்தான். காசு எங்கே இருக்கிறது?

போட்டிக் கல்லூரிக்குப் போனது சென்னையில் சேர்த்த காசு. பாஸ்டனில் பிறந்து, குழந்தையாக இங்கிலாந்துக்குப் போய், 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராக இருந்த எலிஹு யேல், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தோடு சொந்த வியாபாரமும் நடத்திக் கொழுத்துப் பதவி போனவர். 1718-ல் கனெக்டிகட் கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், ராஜா படம் ஒன்று அனுப்பினார். மூட்டைகளை விற்றதில் 562 பவுண்டு. அந்த விலைக்கு உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகத்தில் பெயர் பொறிப்பது, ஸ்மித்தின் நீல மணிக்கு அடுத்தபடியான பேரம்.

சாதாரண ஜனங்கள் கடைக்குப் போக என்ன செய்தார்கள்? பழங்குடிகளின் சிப்பி மணிச் சரத்தைப் பணமாக வைத்துக்கொண்டார்கள்; வெள்ளையைவிட ஊதாவுக்கு இருமடங்கு மதிப்பு. உடனே வெள்ளையை ஊதாவாகச் சாயமேற்றும் குடிசைத் தொழிலும் கிளம்பியது. 1652-ல் பாஸ்டனே சொந்தமாக வெள்ளி ஷில்லிங் அடித்தது. நாணயம் அடிப்பது ராஜாவின் உரிமை. ஆனால் அந்த வருஷம் இங்கிலாந்தில் ராஜாவே இல்லை, தலையை வெட்டியிருந்தார்கள். பிறகு ராஜா வந்தார். பாஸ்டன்காரர்கள் முப்பது வருஷம் தொடர்ந்து அடித்தார்கள், அநேகமாக எல்லா நாணயத்திலும் 1652 என்றே போட்டு. வருஷம் மாறாத ஊர்.

லண்டன் சும்மா இருக்குமா? தொப்பி செய்து வெளியே விற்காதே என்றது 1732-ல். புதிதாக இரும்புத் தகட்டு ஆலை வைக்காதே என்றது 1750-ல். அந்நியத் தீவுகளின் வெல்லப்பாகுக்குக் கேலனுக்கு 6 பென்ஸ் வரி போட்டது 1733-ல். அந்தப் பாகிலிருந்து ரம் காய்ச்சிய நியூ இங்கிலாந்துக்காரர்கள் சுங்க அதிகாரிக்குச் சில்லறை தள்ளிவிட்டு ராத்திரியில் பீப்பாய் இறக்கினார்கள். பக்தி ஞாயிற்றுக்கிழமைக்கு.

பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற அச்சாபீஸ்காரர் 1729-ல், காகிதப் பணம் அவசியம் வேண்டும் என்று ஒரு பிரசுரம் எழுதினார். பிரமாதமான வாதம். சட்டசபைக்குப் பிடித்துப்போனது. நோட்டு அடிக்கும் ஒப்பந்தம் யாருக்குக் கிடைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கள்ளநோட்டைத் தடுக்க நிஜ இலையின் நரம்பை அப்படியே அச்சில் எடுத்தார். தெற்கே இலை பணம், இங்கே பணத்தில் இலை. கள்ளநோட்டு அடித்தால் மரணம் என்றும் அதிலேயே அச்சடித்திருந்தார்கள்.

1764-ல் லண்டன், இனி அடிக்கும் காகிதம் சட்டப்படி செல்லாது என்றது. மறு வருஷமே பத்திரம், பத்திரிகை, சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் முத்திரை வரி போட்டது. ஒரு ஜோடி தாயக்கட்டைக்கு 10 ஷில்லிங். வரியை ஸ்டெர்லிங் கணக்கில் கட்ட வேண்டும். நூற்றைம்பது வருஷமாகக் காசை அனுப்பாமல் இருந்துவிட்டு, இப்போது காசாக எடு என்றார்கள். ஊருக்கு ஊர் முத்திரை விற்பனையாளர்களின் கொடும்பாவி எரிந்தது. லண்டனில் இருந்த பிராங்க்ளின், ஜனங்களின் போக்கு தெரியாமல் தன் நண்பருக்கே அந்த உத்தியோகத்தை வாங்கிக் கொடுத்திருந்தார். பிலடெல்பியாவில் பிராங்க்ளின் வீட்டை இடிக்கக் கும்பல் கிளம்பியபோது, அவர் மனைவி டெபோரா துப்பாக்கியும் உறவினர்களுமாக வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாளைப் பற்றி இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும்.

1766 பிப்ரவரியில் பார்லிமென்ட் பிராங்க்ளினைக் கூப்பிட்டு விசாரித்தது. ஒரு வருஷ முத்திரை வரியைக் கட்டுமளவுக்குக்கூடக் காலனிகளில் தங்கமும் வெள்ளியும் கிடையாது என்று அவர் சொன்னார். மார்ச்சில் வரியை ரத்து செய்தார்கள். அதே நாளில் இன்னொரு சட்டமும் போட்டார்கள்: காலனிகளைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டத்தையும் போட எங்களுக்கு முழு உரிமை உண்டு.